இரண்டு வாய்ப் பெட்டி

என் வயதுக்காரர்களே, கொஞ்ச நாளாக நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்துக்கொண்டுதான் வருகிறேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டதும் எல்லோருக்கும் சின்ன வயசு ஞாபகம் வந்துவிடுகிறது. கேசட்டில் பென்சிலை விட்டுச் சுற்றினோம், மழையில் நனைந்தோம், கள்ளங்கபடம் இல்லாமல் இருந்தோம் என்று ஆளாளுக்கு உருகுகிறீர்கள். கேசட் சரி. மழையும் சரி. அந்தக் கள்ளங்கபடம் இல்லாத சமாச்சாரத்தை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உங்கள் வீட்டில் எப்படியோ, நான் பதினொரு வயதில் ஒரு பொல்லாத பிள்ளை. அந்த வயதில் ஒரு மழைக்காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். பாவம் பார்க்க வேண்டாம்.

அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், தம்பானூர் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை, அதாவது கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக் கொடுப்பது. அம்மா ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா. விடிந்ததும் போனால் பொழுது சாயத்தான் வருவாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், தெருவில் இரண்டும் கலந்த ஒரு கஞ்சி. எனக்கு மூன்றும் தண்ணீர் பட்ட பாடு.

அண்ணனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவனுக்குத் திக்குவாய். லேசுப்பட்ட திக்கல் இல்லை. 'பஸ்' என்று சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக் படித்தான். கையால் செய்து காட்டும் பரீட்சையில் அவன்தான் முதல். வாயால் பதில் சொல்லும் பரீட்சையில், எதிரே இருந்தவர் மூன்று கேள்வி கேட்டுப் பார்த்துவிட்டு முட்டை போட்டு அனுப்பிவிட்டார். அப்பா அவனைத் தன்னோடு வேலைக்கு இழுத்துக்கொண்டு போனார். "பலகை சொமக்க வாய் எதுக்குலே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார். அவனும் தலையாட்டுவான்.

ஆனால் எங்கள் சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், பாட்டுக் குழுவுக்குக் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதபோதெல்லாம் அவனைத்தான் தேடுவார்கள். வெளிநாட்டுக்குப் போன ஒரு அண்ணாச்சி விட்டுவிட்டுப் போன பழைய எலக்ட்ரிக் கிட்டார் அவனிடம் இருந்தது. ஆம்ப்ளிஃபயர் இல்லை. வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் கொசு பறக்கிற சத்தம்தான் வரும். அதையே கண்ணை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் வாசிப்பான்.

அவனுக்கு வெளியே என்ன வேலை என்றாலும் நான்தான் வாய். கடையில் சாமான் கேட்க, டாக்டரிடம் வயிற்றுவலி சொல்ல, கண்டக்டரிடம் டிக்கெட் கேட்க, எல்லாவற்றுக்கும் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவான். நான் சும்மா போக மாட்டேன். எனக்கு ஒரு கூலி உண்டு. ஒரு வேலைக்கு ஒரு 'பப்படம்'. அதாவது, என் சிநேகிதிகள் கூடியிருக்கும்போது அவன் வந்து 'பப்படம்' என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். 'ப'னா அவனுக்கு எமன். "ப… ப… ப… ப…" என்று கழுத்து நரம்பு புடைக்கும், கண் பிதுங்கும். நாங்கள் தரையில் விழுந்து உருண்டு சிரிப்போம். சொல்லி முடித்ததும் அவனும் சிரிப்பான். கூலி தீர்ந்தது அல்லவா! அப்போது அது எனக்கு ராஜ்ஜியம்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த கையோடு மழை பிடித்தது. அதே வாரம் பாட்டுக் குழுவில் ஒருவர் வந்து, கோவளத்தில் ஒரு ஓட்டலில் சாயங்காலம் வாசிக்கிற குழுவுக்குக் கிட்டார்க்காரன் வேண்டுமாம் என்று சொன்னார். வாசிப்பு நன்றாக இருந்தால் போதும், பேச்சு தேவையில்லை. ஒரே ஒரு நிபந்தனை, ஆம்ப்ளிஃபயர் அவனவன் கொண்டுவர வேண்டும். ஓணத்துக்கு வெள்ளைக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள், அதற்குள் தயாராக இருக்கணும் என்றார். அப்பாவும் அதையே கெடுவாகப் பிடித்துக்கொண்டார். "ஓணம் வரைக்கும் உன் இஷ்டம். அதுக்கு மேல கிட்டாரைத் தொட்ட, கையை ஒடிச்சிருவேன். காண்ட்ராக்டர் கிட்ட நிரந்தரமா சேத்து விட்டுருவேன்" என்றார். அண்ணனுடைய ஆயுசு முழுக்க அந்த மூன்று மாதத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆம்ப்ளிஃபயர் எங்கே கிடைக்கும்? எங்கள் கோயிலின் கார் ஷெட்டில் கிடந்தது. ஒரு காலத்தில் யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான் கொடுத்த எலக்ட்ரிக் ஆர்கன் ஒன்று கோயிலில் இருந்ததாம். அதைக் கரையான் தின்றுவிட்டது. அதனுடைய ஸ்பீக்கர் பெட்டி மட்டும் மிச்சம். பெட்டி என்றால் சின்னப் பெட்டி இல்லை, என் கழுத்து உயரம் இருக்கும். நல்ல கனத்த மரம், காப்பிக் கொட்டை நிறம். மேலேயும் கீழேயும் ஜன்னல் மாதிரி வரிசையாகப் பலகைக் கீற்றுகள். புதுப் போதகர் ஜப்பான் கீபோர்டு வாங்கிய பிறகு அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

மலையாளக் கப்பியாரிடம், அதாவது கோயில் மணி அடிக்கிறவரிடம், நான்தான் கேட்டேன். அவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவன் ஊமையாணோ மோளே?"

"ஊமையல்ல. விக்கனா. நல்ல ஒந்நாந்தரம் விக்கன்" என்றேன். விக்கன் என்றால் மலையாளத்தில் திக்குவாயன், ஒந்நாந்தரம் என்றால் முதல்தரம். கப்பியார் சிரித்தார். அண்ணனும் கூடவே சிரித்தான். பெட்டி கிடைத்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. தள்ளுவண்டியில் ஏற்றி, கோழி எச்சத்தோடு, நான் முன்னால் நடந்து "வழி, வழி" என்று கத்திக்கொண்டு வர, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தோம்.

பின்பக்கப் பலகையை அவன் கழற்றியதும் உள்ளே பார்த்தேன். இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. மேல் அறையில் கறுப்பாக ஒரு கொம்பு, இரண்டு பக்கமும் விரிந்த இரண்டு வாயோடு. கரண்ட் கொடுத்தால் அது சுற்றும். கீழ் அறையில் சோற்றுப்பானை வாயளவு பெரிய ஸ்பீக்கர் குப்புறப் படுத்திருக்கும். அதற்கடியில் மர உருளை ஒன்று, அதுவும் சுற்றும். அடித்தட்டில் நாலு கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர். சத்தத்தையே சுற்றிவிடுகிற பெட்டி அது. அண்ணன் கொம்பைக் கையால் மெல்லத் திருப்பிக் காட்டி, ரொம்ப நேரம் எடுத்து எனக்கு விளக்கினான். இரண்டு வாயில் ஒன்றில்தான் சத்தம் வருமாம். மற்றது அடைப்பு. சும்மா எடைக்காக வைத்திருக்கிறார்களாம், சுற்றும்போது ஒரு பக்கம் சாயாமல் இருக்க.

நான் விடுவேனா? "அப்ப நான் சத்தம் வர்ற வாய், நீ சும்மா வாய்" என்றேன். அன்றிலிருந்து தெருவில் அவனுக்கு 'சும்மா வாய்' என்றே பெயர் நிலைத்தது. வைத்தவள் நான்.

வேலை முடிந்து வந்து கை காலைக் கழுவிவிட்டுப் பெட்டியின் முன்னால் உட்காருவான். சிமெண்ட் அரித்து விரலெல்லாம் வெடித்திருக்கும். அந்த விரலால் ஒவ்வொரு ஒயராகப் பிரித்து, சுரண்டி, ஈயம் வைத்தான். ஈயம் உருகும்போது வருகிற பிசின் வாசனையும் பழைய மரத்தின் வாசனையும் கோழிப்பீ வாசனையுமாக வீடு நாறியது. அறுந்துபோன பெல்ட்டுக்குப் பதில் தையல் மெஷின் வாரை வெட்டிப் போட்டான். கிட்டாரிலிருந்து வருகிற சத்தம் ரொம்பச் சன்னம், அதை நேராகக் கொடுத்தால் இந்தப் பெட்டிக்குக் காது கேட்காது என்று பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து முன்னால் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் கட்டினான். பெரிய பெட்டியை எப்படித் தூக்கிப் போவது? குறுக்கே அறுத்து இரண்டு பாதியாக்கி, நாலு போல்ட் போட்டு முடுக்கினான். போல்ட்டைக் கழற்றினால் மேல் பாதி தனி, கீழ்ப் பாதி தனி. அப்பாகூட ஒரு நிமிஷம் நின்று அந்த அறுப்பைத் தடவிப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

அந்தப் பெட்டி வெளிநாட்டுக் கரண்டுக்குச் செய்தது. நம் கரண்டைப் பாதியாக்கிக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதற்காகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனோம். கடையில் நல்ல கூட்டம். அன்றைக்கு எனக்கு என்ன பிசாசு பிடித்ததோ, முந்தின நாள் கூலி பாக்கி வைத்திருந்தான், 'பப்படம்' சொல்லவில்லை. கடைக்காரர் "எந்தா வேண்டே?" என்றதும் நான் வாயை இறுக மூடிக்கொண்டு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். அண்ணன் என் தோளைத் தொட்டான். நான் அசையவில்லை. அவனே ஆரம்பித்தான். "ட்… ட்… ட்ர… ட்ர…" முகம் கோணியது. கை உதறியது. தலை பின்னால் போனது. கடைக்காரர் பதறிப்போய், வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து, கல்லாவிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அவன் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தார். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார். பாவி நான், அப்புறம்தான் "டிரான்ஸ்ஃபார்மர் வேணும்" என்றேன். கடையே கொல்லென்று சிரித்தது. திரும்பி வரும்போது அண்ணன் டிரான்ஸ்ஃபார்மரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஈரச் சட்டையோடு முன்னால் நடந்தான். என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் வாய் வேண்டுமே.

இதற்கிடையில் அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவுடைய அக்கா. மாமா செத்து, மகன் கைவிட்டு, ஒரு மஞ்சள் பையோடு வந்து இறங்கினாள். வாழ்நாளில் சங்கரன்கோவிலைத் தாண்டாதவள். மலையாளத்தில் ஒரு எழுத்து தெரியாது. "இவங்க பேசுதது பூராவும் மூக்குக்குள்ளேயே போவுது" என்பாள். அம்மா வேலைக்குப் போனதால் அடுப்படி அவள் கைக்கு வந்தது. அவளுக்கு இரண்டு விரோதி. ஒன்று மழை, விறகெல்லாம் ஈரம், ஊதி ஊதியே இருமல் பிடித்துவிட்டது. இரண்டாவது அந்தப் பெட்டி. அவள் பாய் விரிக்க வேண்டிய மூலையை அடைத்துக்கொண்டு நின்றது. காலை நீட்ட முடியாமல் சுருண்டு படுப்பாள். அப்பா வேறு தினமும் சாப்பிட உட்காரும்போது சொல்லுவார்: "இந்தச் சனியனை உடைச்சு அடுப்புல வச்சா ஒரு வாரத்துக்குச் சோறு பொங்கலாம்க்கா." அத்தை ஆசையோடு பெட்டியைப் பார்ப்பாள்.

ஆவணி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெட்டி முதல் தடவையாகப் பேசியது. வால்வுகள் சிவந்தன. தூசி கருகுகிற வாசனை வந்தது. கொம்பு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. அண்ணன் ஒரே ஒரு தந்தியைத் தட்டினான். சத்தம் அறையைச் சுற்றி நடந்தது, யாரோ பாடிக்கொண்டே வீட்டை வலம் வருகிற மாதிரி. வேகத்தைக் கூட்டியதும் அந்தச் சத்தம் நடுங்கியது. தெருவே வாசலில் கூடிவிட்டது. அடுத்த வீட்டு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் வாய் நடுங்கினால் சிரித்தவர்கள், பெட்டி நடுங்கியதும் கை தட்டினார்கள். என் சிநேகிதிகளும்தான். ஒருத்திகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்கு அடுத்த நாள் அவன் என்னிடம் சொல்லாமல் கிட்டாரை எடுத்துக்கொண்டு தனியாகக் கோவளத்துக்குப் போய்விட்டான். சாயங்காலம் முகமெல்லாம் பல்லாக வந்தான். ஓட்டல் மேனேஜர் அவன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, வேலை உனக்குத்தான் என்றாராம். பெட்டியைப் பற்றிக் கேட்டாராம். இவன் பதில் சொல்லத் திக்கியபோது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முடிக்கும்வரைக்கும் காத்துக்கொண்டிருந்தாராம்.

"கா… காத்துக்கிட்டு இருந்தாருட்டி. பூ… பூராவும் கேட்டாரு. நாலு போ… போல்ட்டுன்னுகூட நானே சொன்னேன்." அப்புறம் என் தலையைத் தடவிவிட்டு, "இனிமே நீ வ… வர வேண்டாம். நீ போய் வெ… வெளையாடு" என்றான்.

அவன் எனக்கு விடுதலை கொடுத்ததாக நினைத்தான். அலைச்சலில் நான் ரொம்பக் கஷ்டப்படுகிறேன் என்று அந்தப் பைத்தியம் நினைத்துக்கொண்டிருந்தது. எனக்கோ என் கையிலிருந்த ஒன்றைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பொறாமையை அந்த வயதில் பசி இல்லாமை என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம்.

ஓணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது டீச்சர் வீட்டுக்குப் போன் வந்தது. எங்கள் தெருவுக்கே அது ஒன்றுதான் போன். அண்ணன் அப்பாவோடு வேலைக்குப் போயிருந்தான். அதுதான் தன் கடைசி சென்ட்ரிங் நாள் என்று போயிருந்தான். நான் ஓடிப்போய் எடுத்தேன். மேனேஜர்.

"மோளே, நாளெ காலத்து வண்டி வரும். சேட்டனோடு பறயணம், பெட்டி அழிச்சு வைக்கணம். முழுவனோடெ வண்டியில் கேறூல்லா. கேட்டோ?"

"கேட்டு. பறயாம்" என்றேன்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மலையாளத்தில் அழிப்பது என்றால் கழற்றுவது. செருப்பை அழிப்பார்கள், சட்டையை அழிப்பார்கள், கட்டிப்போட்ட மாட்டைச் சாயங்காலம் அழித்து விடுவார்கள். காலையில் வண்டி வரும், பெட்டி முழுசாக அதில் ஏறாது என்று மேனேஜர் கழற்றிவைக்கச் சொன்னது அந்த நாலு போல்ட்டை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஒன்றாம் வகுப்பிலிருந்து மலையாளத்தில் படித்தவள், எனக்கா தெரியாது? டீச்சர் வீட்டுப் படியிலிருந்து எங்கள் வாசலுக்கு இருபது எட்டு. அந்த இருபது எட்டுக்குள் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பொய் சொல்லவே தேவையில்லை. வந்த வார்த்தையை அப்படியே கொண்டுபோய் இறக்கினால் போதும்.

அத்தை அடுப்படியில் புகைக்கு நடுவே ஊதுகுழலோடு இருமிக்கொண்டிருந்தாள்.

"யாருட்டி போன்ல?"

"ஓட்டல் மேனேஜர். பெட்டியை அழிச்சு வைக்கணுமாம்."

"அழிக்கணுமா? என்னட்டி சொல்லுத? நல்லாத்தானே பாடிச்சு?"

"வண்டியில ஏறாதாம்."

"அப்ப வேண்டாம்னுட்டானா?"

"எனக்கு என்ன தெரியும் அத்தை? அவரு சொன்ன வார்த்தை அதான். அழிச்சு வைக்கணும்."

அத்தை எழுந்து வந்து பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பாவம், பய ராவும் பகலும் கெடந்து அடிச்சானே" என்றாள். ஒரு நிமிஷம் நிஜமாகவே வருத்தப்பட்டாள். அப்புறம் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து வெட்டுக்கத்தியை எடுத்தாள்.

முதல் வெட்டு கீற்றுப் பலகையில் விழுந்தது. உள்ளே மரம் வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஐம்பது வருஷம் காய்ந்த மரம், சடசடவென்று பிளந்தது. நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்தேன். கீழ் உருளையைப் பிளக்க அவளுக்கு மூச்சு வாங்கியது. பெரிய ஸ்பீக்கரின் காகிதத்தைக் கிழித்துப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். வால்வுகளை அவள் தொடவில்லை. கண்ணாடி, கையைக் கிழிக்கும் என்று ஒதுக்கி வைத்தாள். அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் அந்த நாலு வால்வையும் நான்தான் வாசற்படியில் ஒவ்வொன்றாகப் போட்டு உடைத்தேன். ஒவ்வொன்றும் 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். அதையும் இத்தனை வருஷமாக எல்லோரும் அத்தை கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். அன்றைக்குப் புகையே இல்லாமல் சோறு வெந்தது. நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அண்ணனும் அப்பாவும் வந்தார்கள். மூலை காலியாக இருந்தது. அத்தை அங்கே சந்தோஷமாகப் பாய் விரித்திருந்தாள். அண்ணன் அடுப்பைப் பார்த்தான். பாதி கரிந்த கீற்றுகள். இரும்பும் ஒயரும் ஒரு குவியலாகக் கிடந்தன, அதன் மேல் அந்தக் கறுப்புக் கொம்பு. அவன் வாய் திறந்தது, மூடியது, திறந்தது. ஒரு எழுத்துகூட வரவில்லை. குனிந்து கொம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"யாரு செஞ்சது?" என்றார் அப்பா.

"அழிக்கச் சொன்னதாலதானே அழிச்சேன்? மேனேஜரு போன் பண்ணிச் சொல்லிட்டாராமே. புள்ள வந்து சொல்லுச்சு" என்றாள் அத்தை.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு மேனேஜர் சொன்னதை மலையாளத்தில் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தேன்.

அப்பா சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயோ அக்கா! இந்த ஊர்ல அழிக்கதுன்னா கழட்டுததுக்கா!" வேலையிலிருந்து அப்போதுதான் வந்த அம்மா, விஷயம் தெரிந்ததும் "அட மைனி!" என்று வாயைப் பொத்தினாள், பொத்தின கைக்குள் அவளும் சிரித்தாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "புள்ள சொன்னதைச் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்று அப்பா என் முதுகைத் தட்டினார்.

மறுநாள் வண்டி வந்தது. டிரைவர் இறங்கி, "பெட்டி எவிடே?" என்றார். அண்ணன் வாசலில் நின்றான். "அ… அ… அது…" என்று ஆரம்பித்தான். நடுவே திரும்பித் திரும்பி வீட்டைப் பார்த்தான். நான் வருவேன் என்று பார்த்தான். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஒரு அடி எடுத்து வைத்து, இன்னொரு பெட்டி கிடைக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள் என்று மேனேஜருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் போதும். வேண்டாம் என்றுதானே சொன்னான், அனுபவிக்கட்டும் என்று நின்றேன். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மேனேஜர் இல்லை, காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. கையை உதறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஓணம் முடிந்து அண்ணன் காண்ட்ராக்டரிடம் நிரந்தரமாகச் சேர்ந்தான். அத்தையை அடுத்த வாரமே மஞ்சள் பையோடு ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அங்கே அவளுக்கு 'பெட்டி அழிச்சவ' என்றே பெயர் வந்துவிட்டது. அவள் சாகிறவரைக்கும் அந்தப் பெயரோடுதான் இருந்தாள். எனக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அதிரசம் சுட்டு அனுப்புவாள். நான் சாப்பிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் அந்தக் கதை பெரிய நகைச்சுவையாகிவிட்டது. கல்யாணம், காது குத்து, வீடு பால் காய்ச்சு என்று எது நடந்தாலும், பந்தி முடிந்ததும் அப்பா அதை எடுத்து விடுவார். மலையாளம் தெரியாத அக்கா, வெட்டுக்கத்தி, வெந்த சோறு. சிரிக்காதவர்கள் கிடையாது. அண்ணன் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பெரியவர்கள் எல்லாவற்றையும் கவனிப்பார்கள் என்று நாம் சின்ன வயதில் பயப்படுகிறோமே, சுத்தப் பொய். முப்பது வருஷத்தில் ஒருத்தருக்குக்கூட அந்தக் கதையில் என்னைப் பற்றி ஒரு சந்தேகம் எழவில்லை.

போன மாதம் வரைக்கும். அண்ணன் இப்போது பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற காண்ட்ராக்டர். கரமனையில் சொந்த வீடு கட்டியிருக்கிறான். பால் காய்ச்சு அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, எண்பது தாண்டிய அப்பா பழையபடி கதையை ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தோம். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த அண்ணன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. காலேஜில் படிக்கிறவள், நாலு வார்த்தைக்கு மூன்று மலையாளம். கரண்டியோடு என் முன்னால் நின்றுவிட்டாள்.

"அல்ல அத்தே, ஒரு சம்சயம். அந்தப் பாட்டிக்கு மலையாளம் அறியில்லா, ஓகே. பக்‌ஷே அத்தைக்குத் தெரியுமல்லோ? அத்தை மலையாளம் ஸ்கூல்லல்லே படிச்சது? அப்ப அத்தை ஏன் கழட்டணும்னு சொல்லல?"

அவள் கேட்டதில் ஒரு குத்தலும் இல்லை. தெரியாததைக் கேட்டாள், அவ்வளவுதான். ஒரு சொல் வெளியே வராமல் தொண்டையில் நின்றால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எதிர்ப் பந்தியில் அண்ணன் தலையைத் தூக்கினான். நேராக என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். எப்போதிலிருந்து என்று எனக்குத் தெரியாது, ஒருவேளை அந்தச் சாயங்காலத்திலிருந்தேகூட. வாயைத் திறந்தான்.

"அ… அ… அவ… அவளுக்கு…"

கழுத்து நரம்பு புடைத்தது. எல்லோரும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மகள் கரண்டியைப் பிடித்தபடி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த சொல் அவன் உதட்டுக்கு வந்துவிட்டது. எனக்கு அது தெரிந்துவிட்டது.

"அவளுக்கு அப்ப வெவரம் தெரியாத வயசுன்னு சொல்ல வர்றான்" என்றேன், சட்டென்று.

"அது சரிதானே, கைக்குழந்தை மாதிரில்லா இருந்தா" என்றார் அப்பா. எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணன் என்னைப் பார்த்தபடியே வாயை மூடிக்கொண்டான். அவன் மகள் "ஸாரி அத்தே" என்று சொல்லி, எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.